ஐந்நூறு ரூபாய் போன வழி

மதிப்பிற்குரிய வேதரத்தினம் அவர்களுக்கு,
பள்ளிப்பட்டுக் கிளையிலிருந்து முனிலட்சுமி.
ரசீது எண் இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு,
நவம்பர் மாதம், தங்கள் ஐந்நூறு.

என் பணம் எங்கே போனது என்று
ஒற்றை வரியில் கேட்டிருந்தீர்கள்.
சென்னை அலுவலகம் பதிலுக்கு
ஒரு வட்டம் அனுப்பியிருக்கும்,
ஊத்தப்பத்தை வெட்டினாற்போல்.
பச்சை நோயாளிக்கு. நீலம் வண்டிக்கு.
ஓரத்தில் மெலிசாய் ஒரு சாம்பல் கீற்று:
நிர்வாகம்.

அந்தக் கீற்றில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.
உங்கள் ஐந்நூறில் நாற்பத்துநான்கு ரூபாய் நான்.
ஒரு பைசாகூட நிர்வாகத்துக்குப் போகக் கூடாது என்று
போன வருஷம் எழுதினீர்கள்.
அந்தக் கடிதத்தைத் துளையிட்டு, எண்ணிட்டு,
கோப்பில் சேர்த்ததும் நான்தான்.

போகட்டும், கணக்குக்கு வருகிறேன்.

பதினான்காம் தேதி, செவ்வாய்.
ஆந்திராவில் அணையைத் திறந்துவிட்டார்கள்.
விடிவதற்குள் தரைப்பாலம் தண்ணீருக்கடியில்.
அக்கரையில் தொளசம்மா.
வாரம் இருமுறை ரத்தம் கழுவத்
திருத்தணி போயாக வேண்டும்.
மொகிலி வண்டியை எடுத்துக்கொண்டு
நகரி வழியாகச் சுற்றினான்.
போக மட்டும் நாற்பத்தொரு கிலோமீட்டர்.
டீசல் முந்நூற்றுப் பதினெட்டு.
அவன் பேட்டா தொண்ணூறு.
சோதனைச் சாவடியில் பெர்மிட் கேட்டு நிறுத்தினார்கள்,
தமிழில் கெஞ்சினான், தெலுங்கில் சிரித்தான்.
டீ, பத்தொன்பது ரூபாய்.
டீ என்றுதான் எழுதியிருக்கிறேன், டீதான்.
குடித்தவர் நோயாளி இல்லை.

போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது.

ஐந்து மணிக்கே அவள்
விசைத்தறிக்குப் பாவு ஏற்றிப்போகும் டிராக்டரில்
உருளைகளின் மேல் ஏறி உட்கார்ந்து,
சேலையைத் தொடைக்கு மேல் செருகிக்கொண்டு
ஆற்றைத் தாண்டிவிட்டாள்.
பஸ் பிடித்து, நேரத்துக்குப் படுக்கையில்.
நம் வண்டி
அவளைத் தேடிப் போய், அவள் இல்லாமல்
எண்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடித் திரும்பியது.

வட்டத்தில் இதற்கு நிறம் கிடையாது.
பயனாளிகள் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டால்
கணினி சிவப்பாகிறது.
தலைமையகத்துக்குப் போன் செய்தேன்.
"சிகிச்சை நடந்துதே, ஒன்னுன்னு போடும்மா."
போட்டேன்.
மதியம் சாப்பிட்ட கையோடு வந்து
அழித்தேன்.

சிரித்த முகமாய் ஒரு படமும் கேட்கிறார்கள்.
தொளசம்மாவிடம் சொன்னேன்.
"நா மொகம் எந்துக்கம்மா?" என்றாள்.
பிறகு எனக்காகத் தமிழில்:
"குடுத்தவருக்கு மூஞ்சி இல்லியா?
அவரு போட்டோவ மொதல்ல அனுப்பச் சொல்லு."
கேட்டுவிட்டேன். அனுப்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

அப்புறம் அந்த டிராக்டர்.
இருபது ரூபாய் கொடுத்திருக்கிறாள், திருப்பிக் கேட்கிறாள்.
தினசரிக் காலண்டர் தாளின் முதுகில்
டிராக்டர்காரர் கிறுக்கிய ஒரு வரிதான் ரசீது.
தெலுங்கு செல்லாது என்கிறார் தணிக்கையாளர்.
தேதியாவது செல்லுமே சார், தாளின் முன்பக்கம்
கொட்டை எழுத்தில் பதினாலு, செவ்வாய் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
இதர செலவு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.
ஐயா, உங்கள் பணத்தில்
அவளைத் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தது
அந்த இருபதுதான்.

வங்கிக் கட்டணம் ஆறு.
கூட்டிப் பாருங்கள், மூன்று ரூபாய் இடிக்கிறது.
இரண்டு நாளாய்த் தேடுகிறேன்.
கிடைத்தால் எழுதுகிறேன்.
கிடைக்காவிட்டாலும் எழுதுகிறேன்.

இணைப்பு: காலண்டர் தாள், ஒன்று.
ஓரம் ஈரமானது, ஆறு காரணம்.
பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பவும்.
தபால் செலவு
என் கீற்றில்.